காத்தோட்டம் போட்ட ஓட்டை

கோவிந்தாபுரத்திலிருந்து மீனாட்சிபுரம் வரை, காத்தோட்டத்திடம் திட்டு வாங்காமல் பாட்டுக் கேட்ட வீடு ஒன்று இருந்தால் காட்டுங்கள், பாதி மீசையைச் சிரைத்துக்கொள்கிறேன். ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்ப்பவர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், "செட்டுக்குக் காத்தோட்டம் எங்கீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார்.

எங்கள் பாட்டு செட் தேக்கு ஷோகேசுக்குள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தது. மேலே மனைவி பூத்தையல் போட்ட துணி. மாங்காய் சீசனில், செட் இளஞ்சூடாக இருக்கிறதே என்று வைக்கோல் பரப்பி நாலு செங்காயையும் அதன்மேல் வைப்போம். நன்றாகவே பழுத்தது, பொய் சொல்லக் கூடாது.

போன சித்திரையில் செட் படுத்துவிட்டது. கண் தெரியாமல் கட்டிலோடு இருக்கும் அப்பாவுக்கு நாள் முழுக்கப் பாட்டுதான் துணை. அது நின்றதும் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டார். காத்தோட்டம் வந்தார், வைக்கோலைப் பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு செட்டைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டே நாளில் சரிசெய்தும் விட்டார். ஆனால் தர மாட்டாராம்! கண்ணாடியைக் கழற்றி, சுற்றிலும் ஒரு சாண் இடம் விட்டு, ஷோகேசின் முதுகுப் பலகையில் ஓட்டை போட்டால்தான் தருவாராம். என் செட், என் ஷோகேஸ், இவர் யார் எனக்குச் சட்டம் போட? கடை வாசலில் நின்று கத்தினேன். மாங்காய் லாரிக்காரர்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர் ஈயம் பற்றவைப்பதை விட்டுத் தலை நிமிரவே இல்லை.

மறுநாள் தோப்பிலிருந்து திரும்பினால் கூடமெல்லாம் மரத்தூள். மனுஷன் செட்டும் ரம்பமுமாக வந்து, மாமனார் கொடுத்த தேக்கில் இட்லித் தட்டு அகலத்துக்கு ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்! ரம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, யாரைக் கேட்டு என்ற ஊட்டுப் பொருளை அறுத்தீங்க?"

"பெரியவரைக் கேட்டேனுங்க, சரின்னாருங்க. மறுக்காப் பாட்டு நின்னா தவிச்சுப் போறது அவருதானுங்க, நீங்களா?"

உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா எழுந்து உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டபடி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகும் விட்டாரா? வாராவாரம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, செட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, என்னை எதற்காவது திட்டிவிட்டு, அப்பாவோடு இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டுத்தான் போவார். இப்போது மூன்று வாரமாக ஆளைக் காணோம். பொள்ளாச்சியில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாராம். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டாமா? வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் அப்பா தலையைத் தூக்குகிறார். நானும்தான்.