பிணம் கும்பிட்ட படம்

இருட்டைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. சுவிட்சைத் தேடும். அந்தக் கை ஒருநாள் என் மச்சினன் முத்துவின் சினிமா பிழைப்பையே கவிழ்க்கப் பார்த்தது.

முத்து கையில் இருந்ததைப் போட்டுக் கறுப்பு வெள்ளையில் ஒரு கொலைப் படம் எடுத்தான். "படம் பூரா இருட்டு மாமா. இருட்டுதான் ஹீரோ" என்றான். கடைசிக் காட்சிக்குப் பசுமலையில் இருக்கும் எங்கள் வீட்டைக் கேட்டான். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் என் மாமனார், "நாலு பேரு நல்லாருக்குன்னு சொல்லலைனா, பேசாம கொடிக்காலுக்கு வந்துரணும்" என்று மகனிடம் கறாராகச் சொல்லியிருந்தார். எனக்கு மறுக்க மனசு வரவில்லை.

ஷூட்டிங் வெள்ளிக்கிழமை. (அன்னைக்குத்தான் வைக்கணுமா?) என் மனைவி செல்வி மகளையும் கூட்டிக்கொண்டு அப்பாவைச் சமாதானப்படுத்த ஊருக்குப் போயிருந்தாள். போகும்போது, "ஆறு மணிக்கு லைட்டைப் போட மறந்துறாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மத்தியானமே ஜன்னலையெல்லாம் போர்வையால் அடைத்துவிட்டார்கள். ஹாலில், சாமி படங்களுக்கு நேர் எதிரே, நெஞ்சில் சிவப்புச் சாயத்தோடு முத்துவின் கூட்டாளி பிணமாகப் படுத்திருந்தான். கொலைகாரன் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று நிமிஷம் ஒரே மூச்சில் பேசவேண்டும். ஐந்து தடவை கெட்டுப்போனது. நாய் குரைத்தது, ஆட்டோ கத்தியது, பிணம் தும்மியது. வாடகைக் கேமராவை ஆறரை மணிக்குள் டவுனில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

"மாமா, அடுப்படியில உக்காந்துக்கங்க. மூச்சு விடலாம், நடக்கக் கூடாது."

உட்கார்ந்தேன். எந்திரித்தேன். மறுபடி உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வீடு இருட்டு, நடுவீட்டில் பிணம். முருகா முருகா என்று பனியன் நுனியைத் திருகியே ஓட்டை போட்டுவிட்டேன்.

ஆறாவது தடவை அருமையாகப் போய்க்கொண்டிருந்தபோது தெருமுனை அம்மன் கோயில் மணி அடித்தது. அதற்கப்புறம் நடந்ததில் என் புத்திக்குப் பங்கில்லை. கால் நடந்தது. கை ஹால் சுவிட்சைத் தட்டியது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கொலைகாரன் கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டான். பிணமும் படுத்தவாக்கில் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டது. (அதுவும் நம்ம ஊர்ப் பிள்ளைதானே.) பிறகு ஒன்றுமே நடக்காததுபோல கொலைகாரன் மிச்ச வசனத்தையும் பேசி முடித்தான்.

"என்னையக் கொடிக்காலுக்கு அனுப்பிட்டீங்க மாமா" என்று முத்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். நேரமாகிவிட்டதென்று கேமராக்காரர் பெட்டியை மூடினார். வேறு வழியில்லாமல் அந்தக் காட்சியே படத்தில் போனது. அன்றோடு முத்து என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டான்.

படம் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வாடிப்பட்டியில் காலைக்காட்சிக்கு மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து நெளிந்தேன். "கரண்டு போச்சாண்ணே" என்று பின்னால் ஒருவர் இரண்டு தடவை கேட்டார். கடைசியில் நான் ஓட்டைப் பனியனோடு வந்து லைட்டைப் போட்டதும் விசில் பறந்தது. பிணம் கும்பிட்டதும் சிரிப்பு அடங்கவே இல்லை. முத்து எழுந்து வெளியே போய்விட்டான். நான் பயந்துபோய் மாமனாரைப் பார்த்தேன். தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவரும் திரையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் யூடியூபில் ஒருத்தர், "யாரு கொன்னா, யாரு செத்தான்னே தெரியல. கடைசில ஒருத்தர் வந்து லைட்டைப் போட்டாரு பாருங்க, அவருதான் சாமி" என்று கிழித்தார். ஒரு பத்திரிகைக்காரரோ, "கொன்றவனையும் செத்தவனையும் ஒரே வெளிச்சத்தின் முன் கைகூப்ப வைத்த துணிச்சல்" என்று எழுதிவிட்டார். செல்வி அதை அப்பாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா பொணத்தையே கும்பிட வச்சிருக்கான். இன்னொண்ணு எடுக்கட்டும்" என்றார் மாமனார்.

அந்தக் காட்சியை மூன்று வருஷமாக மனசில் சுமந்ததாக முத்து பேட்டி கொடுத்தான். (முருகா, நீயே கேளு.) மறுவாரம் அடுத்த படத்துக்கு வீடு கேட்டு வந்தான். கையில் சுவிட்சில் ஒட்டுவதற்கு டேப்.

இப்போதும் சாயங்காலம் லைட்டைப் போடும்போது எங்கள் மகள் போனும் கையுமாகப் படுத்துக் கிடந்தால், செல்வி ஒரே அதட்டல்தான்:

"பொணமே கும்பிட்டுச்சு. ஒனக்கு என்னடி?"