கப்பல் மேஸ்திரி காரவள்ளி இறங்கிய கதை

கடலைக் கண்ணால் பார்க்காமலே ஒரு கப்பற்படையைக் கட்டியவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் கொல்லிமலையில், ஆலத்தூர் நாட்டில் இருக்கிறார். ஊரார் வைத்த பெயர் கப்பல் மேஸ்திரி.

கொத்து வேலை முடிந்ததும் வீட்டின் நெற்றியில் சிமெண்டால் ஒரு கப்பல் செய்து வைப்பார். எல்லா வீட்டுக்கும் அல்ல. மலையிறங்கி வெளியூர் போய்த் திரும்பியவர் வீட்டுக்கு மட்டும். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் வந்த பெண்ணுக்குக் கிடைத்தது. புது மாடி கட்டிய மிளகு வியாபாரி கெஞ்சியும் கிடைக்கவில்லை.

"நீங்க எங்கீங்க போனீங்க? மிளகுதானுங்களே போச்சு."

ஒவ்வொரு கப்பலின் மூக்கிலும் லாரி ஹாரன் ஒன்று இருக்கும். அரசு வேலையாக அங்கே மாற்றலாகிப் போயிருந்த நான் காரணம் கேட்டேன்.

"வளைவுல எதிர்க்க இன்னொரு கப்பல் வந்தா என்னங்க பண்றது?"

மேஸ்திரியின் சொந்த வீட்டுச் சுவர் மட்டும் மொட்டையாக நின்றது. அவர் மலையிறங்கியதே இல்லை. பஸ் ஏறினால் மேலிருந்து மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே வாந்தி. இறங்கி, வந்த வழியே நடந்துவிடுவார்.

"இன்னைக்கு எந்த வளைவுல முழுகுனீங்க?" என்று டீக்கடை விசாரிக்கும்.

நடந்தே இறங்கலாமே என்றேன்.

"நடந்து போறவனுக்கு எதுக்குங்க கப்பலு?"

கடைசியில் அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. குச்சிக்கிழங்கு லாரி ஒன்றை நிறுத்தி, மூட்டைகளின் மேல் அவரை ஏற்றினார்.

"உள்ள உட்கார்ந்தாத்தான கொமட்டும்? மேல நின்னுக்கிட்டுப் போங்க. கடலைப் பார்க்காம ஊட்டுப் பக்கம் வராதீங்க. சாரும் கூடப் போகட்டும். அவரு எழுதி வெச்சா ஊரு நம்பும்."

நான் டிரைவர் பக்கத்தில், நான்காக மடித்த கைக்குட்டையுடன் அமர்ந்தேன். உச்சியில் கயிற்றைப் பிடித்து நின்ற மேஸ்திரி, வளைவுக்கு வளைவு கூரையைத் தட்டினார்.

"ஏனுங்க டிரைவர், ஹாரன் அடிங்க. கீழ பஸ்ஸு வருது."

மலையடிவாரத்துக் காரவள்ளியில் குதித்து இறங்கி இளநீர் கேட்டார். நான் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தேன்.

அங்கிருந்து வளைவில்லாத சாலையில் பஸ் மாறி மாறித் தூத்துக்குடி போனோம். மேஸ்திரி கடலைப் பார்த்தபடி நின்றார். தூரத்தில் ஒரு கப்பல் ஊதியது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"நமக்குத் தெரியலீங்க. அங்க எங்கயோ வளைவு இருக்குது."

திரும்பும்போதும் லாரி உச்சிதான். டீக்கடைக்காரர் மாலை போட்டார். மிளகு வியாபாரி ஒரு மூட்டை சிமெண்ட் அனுப்பினார். அடுத்த வாரமே மலையின் மிகப் பெரிய கப்பல், இரண்டு ஹாரன்களுடன், மேஸ்திரி வீட்டு நெற்றியில் ஏறியது. அதன் பின்பக்கம் ஓர் ஆள் கம்பியைப் பிடித்தபடி தலையைக் கவிழ்த்துத் தொங்கிக்கொண்டிருந்தான். மூக்குக்கண்ணாடி முதல் சட்டைப்பைப் பேனா வரை நானேதான்.

"இது எதுக்கு மேஸ்திரி?"

"கூட வந்தீங்கல்ல, சாமி."

இப்போது நான் நாமக்கல்லில் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஆணி அடிக்கக்கூட எனக்கென்று ஒரு சுவர் இல்லை. மலைமேல் ஒரு கப்பலில் மட்டும் இடம் இருக்கிறது.