ஓய்வில் நூற்று நாற்பது

ரெய்னோ ஹக்கலா டிரெட்மில்லில் ஆமை வேகத்தில்தான் நடந்துகொண்டிருந்தார். ஆனால் நெஞ்சில் கட்டும் பட்டையிலிருந்து இதயத் துடிப்பை வாங்கிக் காட்டும் சுவர்த் திரை, அவர் பெயருக்கு நேராக 114 என்று காட்டியது.

"நூத்திப் பத்தைத் தாண்டக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?" என்றாள் பக்கத்துச் சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்த மனைவி மார்லின். "தாண்டினா சனிக்கிழமை ஐஸ் ஹாக்கி கிடையாது."

ரெய்னோவுக்குப் பகீரென்றது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு அவர் ஆட இருந்த முதல் ஆட்டம் அது. அவர் இல்லாவிட்டால் கோலில் மார்லினின் தம்பி லாரி நிற்பான். அதற்கு வலையைச் சும்மாவே விட்டுவிடலாம்.

எத்தியென் ஓடிவந்தான். கியூபெக்கிலிருந்து தண்டர் பே நகருக்குப் புதிதாக வந்த பயிற்சியாளன். அவன் புஜத்தைச் சமாளிக்க முடியாமல் சட்டைக் கை திணறியது.

"பதறாதீங்க சார். தசை உழைச்சா ஆக்ஸிஜன் கேக்கும். நுரையீரல் இழுக்கும், இதயம் அடிச்சு அனுப்பும். தசை கேக்குறத நிறுத்தினா எல்லாம் தானா அடங்கிடும்."

குனிந்து வேகத்தைக் குறைத்தான். 121.

"அடங்கலையே!"

"அப்ப நிறுத்திடலாம்."

நிறுத்தினான். 128.

மார்லின் சைக்கிளிலிருந்து இறங்கி வந்து கணவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, கொஞ்சம் கிட்ட வந்து பாருப்பா."

தம்பி கிட்ட வந்தான். "மூச்சை ஆழமா இழுங்க சார். இதோ, என்னை மாதிரி."

இழுத்துக் காட்டினான். அவன் மார்பு கதவு திறப்பதுபோல விரிந்தது. 137.

"எனக்கு மூச்சே வாங்கலடா!" என்றார் ரெய்னோ. "கால் வலிக்கல. வேர்க்கல. பசிதான் எடுக்குது!"

"அதான் சார் பயமா இருக்கு. சும்மா நிக்கிற தசைக்கு எதுக்கு இவ்வளவு ரத்தம்?"

தண்ணீர் கொண்டுவர ஓடினான். எண் மளமளவென்று இறங்கி 92-க்கு வந்தது.

"பாத்தியா! பாத்தியா! நான் ஆடுறேன்!" ரெய்னோ கையை உயர்த்தினார்.

எத்தியென் திரும்பி வந்தான். ஓடிய ஓட்டத்தில் பாதித் தண்ணீர் அவன் சட்டையிலேயே கொட்டியிருந்தது. 140.

"கையைத் தூக்காதேன்னா கேக்குறியா!" என்று மார்லின் கணவனை அதட்டினாள்.

"படுக்க வச்சிடலாம்" என்ற எத்தியென், நூறு கிலோ ரெய்னோவைக் குழந்தைபோலத் தூக்கிப் பாயில் கிடத்தினான். 149.

"என்னா பலம் தம்பி உனக்கு!" என்றாள் மார்லின். திரையில் அவள் பெயருக்கு நேராக வெறும் 74 இருந்தது.

எத்தியென் அசந்துபோனான். "அம்மா, இந்தக் கலவரத்துலயும் எழுபத்தி நாலா? பாறை மாதிரி நெஞ்சு உங்களுக்கு."

"வீட்டுல ஒருத்தராவது நிதானமா இருக்கணும்ல, தம்பி."

"நீங்க கிரேட்" என்று அவள் தோளைத் தட்டிக் கொடுத்தான். 158.

"ஆம்புலன்ஸ்!" என்று கத்தினான் எத்தியென்.

ரெய்னோ கண்ணை மூடிக்கொண்டார். போராட இனி எதுவும் இல்லை. "மார்லின், லாரிக்குப் போன் போடு. சனிக்கிழமை அவனே நிக்கட்டும். பந்து வர்ற பக்கம் பாக்கச் சொல்லு, அது போதும்."

"ஐஸ் ஹாக்கில அது பந்து இல்ல, ரப்பர் தட்டு."

"அது அவனுக்குத் தெரியணுமே!"

மார்லின் போனை எடுத்தபோது, வரவேற்பு மேசை பெர்னிஸ் மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தாள்.

"ஆம்புலன்ஸை நிறுத்துங்க! நெஞ்சுல கட்டுற பட்டை ரெண்டையும் நான்தான் மாத்திக் குடுத்துட்டேன். ரெய்னோ பேருக்கு நேரா இவ்வளவு நேரமும் அடிச்சது மார்லினோட இதயம்!"