நியான் மழைக்கு எழுந்த கூட்டம்

“ஏங்க, கட்டிலுக்குக் கீழ கெடக்கற உங்க ஆல்பம் சி.டி.யெல்லாம் எப்ப எடுக்கப் போறீங்க? என் தங்கச்சி ஸ்ரீமதி கல்யாணத்துக்கு வர்ற சனத்துக்குப் பாய் வைக்க எடமில்ல” என்றாள் அனுப்பிரியா.

செம்பியன் காதில் ஹெட்போன் மாட்டியிருந்தான். அதனால் கேட்காததுபோல உட்கார்ந்திருந்தான்.

“கரண்ட் போயி அரைமணி நேரமாவுது. அதுல இன்னா கேக்குது உங்களுக்கு?”

ஹெட்போனைக் கழற்றினான். வேறு வழியில்லை.

ஊரில் யாருக்கும் தெரியாத ஒரு காரியத்தைச் செம்பியன் அந்த 2010ஆம் வருஷம் செய்து முடித்திருந்தான். மெல்லிசைக் குழுவில் பின்வரிசை கீபோர்டுக்காரனாக இருந்தவன், அதை உதறிவிட்டு, பாண்டிச்சேரியில் பழைய கீபோர்டு ஒன்றும் கம்ப்யூட்டர் ஒன்றும் வாங்கி, கடலூரில் மாமனார் வீட்டு மாடியில் தனியாக உட்கார்ந்து ஓர் ஆல்பம் போட்டான். பெயர் ‘நியான் மழை’. தபேலா கிடையாது, வயலின் கிடையாது, கிடார்கூடக் கிடையாது. எல்லாம் கீபோர்டும் கம்ப்யூட்டரும் சேர்ந்து எழுப்பும் சத்தம். சிந்த்-பாப் என்று அதற்குப் பெயர். அதை மாமனார் சபாபதிக்கு விளக்க அவன் பட்ட பாடு தனிக்கதை.

“அப்போ எல்லாமே கரண்ட்டுதானா?” என்று கேட்டார் சபாபதி.

“ஆமா மாமா.”

“கரண்ட்டே ஒழுங்கா இல்லாத ஊர்ல கரண்ட்ட நம்பிப் பாட்டுப் போட்ட மொத ஆளு நீதான் மாப்ள.”

சபாபதி பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் கரும்பு ஆபீசில் இருந்து ரிடையர் ஆனவர். அங்கே இன்னும் வேலையில் இருக்கும் தன் சிநேகிதர் தட்சிணாமூர்த்தியைப் பிடித்து, மாப்பிள்ளைக்கு ஒரு கிளார்க் வேலையைச் சொல்லி வைத்திருந்தார். கரும்பு லாரிகளுக்கு டோக்கன் போடுகிற வேலை.  செம்பியன் மண்டைக்குள் இரண்டாவது ஆல்பம் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் விரல் தாளம் போடும். டோக்கன் கையில் வந்தால் அதெல்லாம் அன்றோடு நின்றுவிடும் என்று அவன் உண்மையாகவே பயந்தான்.

“யாருக்காவது சும்மாவாவது குடுத்துத் தொலைங்க” என்றாள் அனுப்பிரியா.

அந்த வார்த்தைதான் வினையாகிப் போனது. செம்பியன் சி.டி.களை மூட்டை கட்டி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு, கடலூரில் தொடங்கிச் சிதம்பரம் வரைக்கும் ஒரு கல்யாண மண்டபம் விடாமல் ஏறி இறங்கினான். மைக் செட்காரர்கள் எல்லார் கையிலும் ஒன்று கொடுத்து, “அண்ணே, எப்பவாச்சும் போடுங்கண்ணே” என்று கும்பிட்டுவிட்டு வந்தான். பாய்க்கு இடம் கிடைத்தது.

ரெண்டு மாசம் சத்தமே இல்லை. அப்புறம் ஒருநாள் சிதம்பரத்து மண்டப மேனேஜர் ஒருவர் போன் செய்தார்.

“தம்பி, அந்த டிங்டிங் சி.டி. தேஞ்சு போச்சுப்பா. இன்னொண்ணு குடுத்து அனுப்பு. அது இல்லாம மண்டபம் நடத்த முடியல.”

செம்பியனுக்குக் கால் தரையில் படவில்லை. மறுநாள் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு போன். அதற்கடுத்து பரங்கிப்பேட்டை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது சும்மா அந்த முதல் பாட்டை முனகிப் பார்த்தான். பக்கத்தில் நின்ற பெரியவர் சட்டென்று நிமிர்ந்து, “இத எங்கியோ கேட்டிருக்கனே!” என்றார். சொன்னவர் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். இருந்தாலும் கேட்டிருக்கிறார் அல்லவா!

வீட்டிலும் ஒரு அதிசயம் நடந்தது. எதிர்வீட்டு புஷ்பவள்ளியம்மா வந்து உட்கார்ந்தால் எழுந்திருப்பது லேசில் நடக்காது. அன்றைக்கும் வந்து மருமகள் கதையை ஆரம்பித்து, பாதியில் இருந்தார். செம்பியன் மாடியில் ‘நியான் மழை’யைப் போட்டான். அந்தம்மா பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்தார்.

“சரிம்மா, நான் வரேன்.”

வாசலில் ஒரு நிமிஷம் நின்று கையை நீட்டினார். எதற்கு நீட்டினோம் என்று தெரியாமல் விழித்தார். பிறகு போய்விட்டார்.

“பாட்டு உள்ள எறங்கிடுச்சு. தாங்க முடியல அவுங்களால” என்றான் செம்பியன் மனைவியிடம்.

 அனுப்பிரியா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடை தெரியாத கணக்கை முறைப்பதுபோல அவனை முறைத்தாள்.

செம்பியன் நேராக மாமனாரிடம் போனான். “மாமா, ஆல்பம் பிச்சுக்கிட்டுப் போவுது. மண்டபத்துக்கு மண்டபம் கேக்கறாங்க. பெண்ணாடம் வேணாம் மாமா.”

சபாபதி பேப்பரை மடித்தார். “நீ சொல்ற. நான் பாக்கலியே? இந்தப் பாட்டு சனங்களுக்குத் தெரிஞ்சிருக்குன்னு என் கண்ணால பாக்கணும். பாத்துட்டேன்னு வையி, தட்சிணாமூர்த்திக்கு நானே போன் போட்டு வேணான்னு சொல்லிடறேன். இல்லன்னா ஸ்ரீமதி கல்யாணம் முடிஞ்ச கையோட நீ டூட்டில சேரணும். இன்னா சொல்ற?”

“வாங்க, இப்பவே காட்டறேன்.”

அன்று மாலையே மாமனாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மண்டபத்துக்குப் போனான். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வீட்டு ரிசப்ஷன். இரண்டு பேரும் பன்னீர் தெளித்துக்கொண்டு, சந்தனம் பூசிக்கொண்டு, மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். பந்திக்குமேல் பந்தி நடந்தும் சினிமாப் பாட்டாகவே ஓடிக்கொண்டிருந்தது. செம்பியன் கால் ஆடிய ஆட்டத்தில் முன்நாற்காலி நகர்ந்தது.

பட்டு வேட்டிக்காரர் ஒருவர் குனிந்து சிரித்தார். “வாங்க வாங்க. நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ள வீடா?”

“பொண்ணு வீடு” என்றான் செம்பியன்.

“மாப்பிள்ள வீடு” என்றார் சபாபதி அதே நேரத்தில்.

பட்டு வேட்டிக்காரர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் போய்விட்டது. “நான் பொண்ணுக்குப் பெரியப்பா” என்றார் மெதுவாக. “எனக்குத் தெரியாத பொண்ணு வீடா?”

மாமனாரும் மருமகனும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துதான் ஸ்கூட்டரைக் கிளப்பினார்கள். தெருமுனை தாண்டும்போது பின்னாலிருந்து ‘டிங் டிங் டிடிங்’ என்று ‘நியான் மழை’ கேட்டது.

“மாமா! கேக்குதா?”

“பாட்டு கேக்குது. அதக் கேக்கறவன் மூஞ்சியப் பாக்கலியே! முப்பது வருசம் கரும்பு ஆபீஸ்ல கௌரவமா இருந்தவன்டா நான். என்னைப் பந்தியில திருட்டுச் சோறு திங்க வந்தவனா ஆக்கிட்டியே!”

அவர் மாப்பிள்ளையை ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் செம்பியன் பஸ் பிடித்துச் சிதம்பரத்துக்கு ஓடினான். ஸ்ரீமதியின் ரிசப்ஷன் நடக்கப்போவது அங்கேதான். மாப்பிள்ளை வீட்டார் சிதம்பரத்துக்காரர்கள். அந்த மண்டபத்து மைக் செட்காரர் காத்தவராயனைத் தேடிப் பிடித்தான்.

“அண்ணே, எங்க மச்சினிச்சி ரிசப்ஷன்ல என் சி.டி.யத்தான் மொதல்ல போடணும்.”

காத்தவராயன் ஒயரைச் சுற்றுவதை நிறுத்தினார். “மொதல்லயா? அதெல்லாம் முடியாது தம்பி. கடைசிலதான் போடுவோம்.”

“ஏன்?”

“மேனேஜர் ஆர்டர். சினிமாப் பாட்டுன்னா அந்த நடிகர் கட்சி, இந்த நடிகர் கட்சின்னு சண்ட வரும், இன்னொண்ணு போடும்பானுங்க. உன் பாட்டுக்கு அந்த வம்பே இல்ல. கடைசிக்கு அதான் சரியா இருக்கு. முன்னாடி போட்டேன்னா என் பொழப்பு போயிடும்.”

செம்பியனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நல்ல பாட்டுக்காரனைக் கடைசியில்தானே மேடை ஏற்றுவார்கள்! ஆனால் கடைசிவரை மாமனார் காத்திருக்க மாட்டாரே. சர்க்கரை வியாதிக்காரர், முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார். விடிந்தால் முகூர்த்தம். முகூர்த்தம் முடிந்தால் பெண்ணாடம். வேறு யோசனை செய்ய நேரமே இல்லை.

ரிசப்ஷன் அன்று மண்டபம் பொங்கி வழிந்தது. மாப்பிள்ளையும் ஸ்ரீமதியும் அப்போதுதான் மேடைக்கு வந்து மாலையைச் சரி செய்துகொண்டு நின்றார்கள். கீழே சமையல்கட்டில் இலை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். செம்பியன் காத்தவராயன் தோளில் கை போட்டு, “அண்ணே, மேனேஜர் உங்களக் கூப்பிட்டாரு” என்று ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பினான். தன் கீபோர்டைத் தூக்கி மேடை ஓரத்தில் வைத்தான். ஒயரைச் செருகினான். முன்வரிசையில் சபாபதி கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அனுப்பிரியா தூரத்திலிருந்து ‘வேண்டாம்’ என்று தலையை ஆட்டினாள்.

 இதில் தோற்றால் டோக்கன்தான். கண்ணை மூடிக்கொண்டு முதல் பாட்டின் முதல் கட்டையை அழுத்தினான்.

டிங் டிங் டிடிங்.

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தான்.

மொத்த மண்டபமும் எழுந்து நின்றது. ஒருவர், இருவர் இல்லை. கடைசி வரிசையில் மடியில் பிள்ளையோடு இருந்தவர்கள்வரை எழுந்துவிட்டார்கள். எழுந்தவர்கள் நிற்கவும் இல்லை. மேடையைப் பார்த்து ஓடி வந்தார்கள். தள்ளிக்கொண்டு, முண்டிக்கொண்டு, படிக்கட்டில் ஏறினார்கள். போட்டோக்காரர் கீழே தள்ளப்பட்டார். யார் யாரோ ஸ்ரீமதி கையில் மொய்க் கவரைத் திணித்தார்கள். ஒருவர் போகிற போக்கில் செம்பியன் தோளைத் தட்டி, “ரொம்ப தேங்க்ஸ் தம்பி” என்றார்.

செம்பியன் வாசித்தான். அழுதுகொண்டே வாசித்தான். ஆல்பத்தில் தான் பாடிய வரியை நாலு சின்னப் பிள்ளைகள் வாய்விட்டுப் பாடியபடி ஓடியதைப் பார்த்து இன்னும் அழுதான்.

சபாபதி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். கூட்டத்தைப் பார்த்தார், செம்பியனைப் பார்த்தார், மறுபடி கூட்டத்தைப் பார்த்தார். முண்டியடித்துக்கொண்டு செம்பியனிடம் வந்தவர் அவன் கையை இறுக்கிப் பிடித்தார்.

“மாப்ள, என்னை மன்னிச்சிடுப்பா. ஊருக்கே தெரிஞ்சிருக்கு! எனக்குத்தான் தெரியல!”

அங்கேயே போனை எடுத்தார். “தட்சிணாமூர்த்தி, அந்த வேலைய வேற யாருக்காச்சும் குடுத்துடுப்பா. ஆமா, ஆமா, இப்பவே குடுத்துடு. எங்க மாப்ள ரேஞ்சே வேற. இங்க சத்தம் கேக்குதா? எல்லாம் அவருக்காக!”

போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சம்பந்தி ஏனோ வாசல் பக்கம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். காத்தவராயன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது கிள்ளை ஊரிலிருந்து வந்திருந்த சபாபதியின் ஒன்றுவிட்ட அக்கா தில்லையம்மாள், ஒரு கையில் செருப்பும் மறுகையில் தாம்பூலப் பையுமாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவரிடம் வந்து நின்றாள்.

“ஏம்ப்பா சபாபதி, இது உனக்கே நல்லா இருக்கா? எல்லா மண்டபத்துலயும் கடைசிப் பந்தி முடிஞ்சப்புறந்தான் ‘பையை வாங்கிக்கிட்டுக் கெளம்புங்க’ன்னு இந்தப் பாட்டப் போடுவாங்க, உன் சம்பந்தி இன்னா, எலையே போடாம வெரட்டறாரு?”