ஓடுகிற இயந்திரத்துக்கு ஒரு துவக்க விழா

புவியீர்ப்பு விசையைக் கண்டுபிடித்தவர் யார் என்பதில் உலகத்துக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். அதற்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, வேலையை விட்டே அனுப்பிய பெருமை திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே உள்ள சின்னண்ணன் கலை அறிவியல் கல்லூரியையே சேரும் என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. இரண்டாவது கருத்துச் சொன்ன இயற்பியல் பேராசிரியர் இப்போது வேறு கல்லூரியில் இருக்கிறார்.

இந்த வரலாற்றுச் சாதனைக்குக் காரணமாக இருந்தும், அழைப்பிதழில் பெயர் இல்லாமல் போனவள் லிடியா. சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த ஆராய்ச்சி மாணவி. சொன்ன நேரத்துக்குச் சொன்னது நடக்கும் என்று நம்புகிற பழக்கம் அவளுக்கு அங்கிருந்து வந்தது. அந்தப் பழக்கத்தால் கல்லூரியில் அவளுக்கு நண்பர்கள் குறைவு.

அவளுடைய அறையில் ஓர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சட்டங்கள், ஆளுக்கொரு திசையில் மெதுவாகச் சுழலும். நடுவில் ஒரு குடுவை. அதில் இளஞ்சிவப்புத் திரவத்துக்குள் மார்பகப் புற்றுநோய் செல்கள். சாதாரணமாக இவை குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டு பரவிப் படுத்துவிடும். எது மேல், எது கீழ் என்று தெரியாதபடி விடாமல் சுழற்றினால், சில செல்கள் பிடியை விட்டுவிட்டு ஒன்றையொன்று பற்றிக்கொண்டு உருண்டையாகத் திரளும். விண்வெளியிலும் இப்படித்தான் திரள்கின்றனவாம். உடம்புக்குள் கட்டி இருப்பதும் ஏறக்குறைய இப்படியே. படுத்திருக்கிற செல்லைக் கொல்லும் மருந்து, உருண்டைக்கு நடுவே பதுங்கியிருக்கும் செல்லையும் கொல்லுமா? லிடியாவின் கேள்வி அவ்வளவுதான்.

அதற்குப் பத்து நாள் நிற்காமல் சுழல வேண்டும். பத்தாம் நாள் மருந்தை விட வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை மின்சாரம் போய்க் கெட்டிருந்தது. இது கடைசிக் குடுவை. அவளுடைய உதவித்தொகையும் அந்த மாதத்தோடு முடிகிறது. இயந்திரம் இந்த முறையும் நின்றால் நான்கு வருட உழைப்பு பதில் இல்லாத கேள்வியாகவே நின்றுவிடும்.

ஆறாம் நாள் தாளாளர் அழைத்தார். சின்னண்ணன் போர்வெல் தோண்டும் ரிக் வண்டித் தொழிலில் பாதி இந்தியாவைத் துளைத்து முடித்தபின், மீதியைப் படிக்கவைக்கலாம் என்று கல்லூரி தொடங்கியவர். டெல்லியிலிருந்து ஓர் உயர்மட்டக் குழுத் தலைவர் நாளை வருகிறார், அவர் கையால் இயந்திரத்தைத் துவக்கி வைக்க வேண்டும் என்றார்.

அது ஆறு நாளாக ஓடிக்கொண்டிருக்கிறதே என்றாள் லிடியா.

தாளாளர் முகம் வாடிவிட்டது. "பூசை போடாமயா அம்மிணி? எங்க ரிக் வண்டி பூசை போடாம ஒரு அடி எறங்குனதில்லீங்க."

நிறுத்த முடியாது என்பதை அவள் எட்டு நிமிடம் விளக்கினாள். அரைமணி நேரம் நின்றால் போதும், உருண்டைகள் அடியில் போய் உட்கார்ந்துவிடும், பிறகு ஒட்டத் தொடங்கிவிடும், இத்தனை நாள் சுற்றியது வீண். தாளாளர் பொறுமையாகக் கேட்டார். பெரிய நிர்வாகிகளிடம் உள்ள பொறுமை அது. முடிவு முன்பே எடுத்தாகிவிட்டதால் வருவது.

"நிறுத்திப்போட்டு மறுக்கா ஆரம்பிச்சாப் போச்சு. நின்ன மிசினத்தானுங்களே ஆரம்பிச்சு வெக்க முடியும்?"

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இல்லை. உலகத் தத்துவ ஞானிகள் ஒன்றுகூடினாலும் ஓடுகிற ஒன்றை ஆரம்பிக்க முடியாது. ஆகவே லிடியா வேறு வழியில் போனாள். ஆய்வகத்தில் கிருமித் தொல்லை, விருந்தினருக்கு ஆகாது, இயந்திரத்தை விழா அரங்கத்துக்கே கொண்டுவந்து விடுகிறேன் என்றாள். எந்த இயந்திரம் என்று தாளாளர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

லேத் பட்டறை கந்தவேல் ஒரே நாளில் இரண்டு சட்டம் அடித்து, கிரைண்டர் மோட்டார் பூட்டி, கேட்காமலேயே சீரியல் லைட்டும் சுற்றிக் கொடுத்தார். குடுவைக்குள் விட ரோஸ்மில்க் எசென்ஸைத் தண்ணீரில் கலக்கியது ஆய்வக உதவியாளர் முத்தாயம்மாள். நிறம் அசலைவிட நன்றாக வந்திருந்தது.

விழா சிறப்பாக நடந்தது. குழுத் தலைவர் பொத்தானை அழுத்த, சட்டங்கள் சுழல, போட்டிருந்த சாமந்தி மாலை அச்சில் சுற்றிக்கொண்டு நாலாபுறமும் பூத்தூவியது. அது ஏற்பாடு என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். எடையே இல்லாத இடத்தில் நோய்க்கு மட்டும் ஏது கனம் என்று தலைவர் பேசினார். இரண்டு சுவர் தள்ளி அசல் இயந்திரம் மாலையோ கைதட்டலோ இல்லாமல் ஏழாவது நாளாகச் சுழன்றது. லிடியா பின்வரிசையில் நின்று தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். இந்தக் கதையில் அவள் செய்த பெரிய தவறு அதுதான்.

ஏனென்றால் சின்னண்ணன் தொழில் தெரிந்தவர். போர் போட்டால் தண்ணீர் மாதிரியைச் சோதனைக்கு அனுப்பாமல் அவர் இடத்தைவிட்டு நகர்ந்ததில்லை. விழா முடிந்ததும் அரங்கத்துக் குடுவையைச் சேலத்தில் ஒரு பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பிவிட்டார். ஒன்பதாம் நாள் காலை அறிக்கை வந்தது: புற்றுநோய் செல்கள் எதுவும் காணப்படவில்லை. சர்க்கரை மட்டும் சற்று அதிகம்.

மிசின் சுற்றியதில் கேன்சரே காணாமல் போய்விட்டது என்று தாளாளர் சொல்லிவிட, மதியத்துக்குள் நிருபர்கள் வந்துவிட்டார்கள். லிடியா தாளாளர் அறைக்கு ஓடிப்போய் உண்மையைச் சொன்னாள். அது எசென்ஸ் தண்ணீர். அதில் புற்றுநோய் எப்போதுமே இருந்ததில்லை. அசல் இயந்திரம் ஆய்வகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சின்னண்ணன் சற்று யோசித்தார்.

"அப்ப ரிப்போர்ட்டு பொய்யில்லீங்களே?"

"பொய்யில்லைங்க, ஆனா..."

"அந்த இன்னொரு மிசின்ல கேன்சர் இருக்குதுங்களா?"

"இருக்குங்க. உருண்டை உருண்டையா நல்லா வளர்ந்திருக்கு. நாளைக்கு மருந்து விடணும்."

தாளாளர் எழுந்து நின்றார். ஒரு மிசின் சுற்றினால் கேன்சர் இல்லை, இன்னொன்று சுற்றினால் வளர்கிறது. எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்க அவருக்கு ஆராய்ச்சிப் பட்டம் தேவைப்படவில்லை. பிள்ளைகள் படிக்கிற இடத்தில் கேன்சரை வளர்ப்பதா என்று கேட்டார். அவர் குரலில் இருந்த கவலை உண்மையானது. அதுதான் லிடியாவைக் கலங்கடித்தது. அயோக்கியனாக இருந்தால் சண்டை போட்டிருப்பாள்.

மாலை நாலரை மணிக்கு எலக்ட்ரீசியன் வந்து பிளக்கைப் பிடுங்கினார். லிடியா குடுவையை எடுத்து நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தாள். ஒன்பது நாள் தரையை மறந்து திரண்டிருந்த உருண்டைகள் ஒவ்வொன்றாக அடியில் வந்து படிந்தன. அவள் அழுதாள். அழுதுகொண்டே நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதினாள்.

அடுத்த மாதமே "எடையற்ற சிகிச்சை மையம்" எழும்பியது. கந்தவேல் ஆள் உயரத்துக்குச் சட்டம் அடித்து, நடுவில் லாரி டிரைவர் சீட்டைப் பெல்ட்டோடு பொருத்தினார். தினம் பத்து நிமிடம், பத்து நாள். உள்ளே போனவர்கள் தலைசுற்றலோடு வெளியே வந்தார்கள்; நோய் இறங்குகிற அறிகுறி அது என்று பலகையில் எழுதியிருந்தது.

தன் சாமான்களை எடுக்கப் போன லிடியா, வரிசையில் முத்தாயம்மாளைப் பார்த்தாள். பக்கத்தில், வாழப்பாடியில் கட்டிக்கொடுத்த அவருடைய அக்கா, தலையில் முக்காடு, கையில் டோக்கன்.

"உங்க அக்காவுக்கு இன்னிக்கு சேலத்துல ஊசி போடற நாள்னு சொன்னீங்களே?"

"அது ஒடம்பைப் போட்டுப் படுத்துதுங்க சாமி. இது சும்மா உக்காந்து சுத்தறதுதானுங்களே."

"முத்தாயக்கா, அந்த எசென்ஸை நீங்கதானே கலக்குனீங்க?"

முத்தாயம்மாள் தலைகுனிந்தார். அக்காவின் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

"நாந்தானுங்க கலக்குனேன். ஆனா கேன்சர் இல்லைன்னு ரிப்போர்ட்டுல அடிச்சுக் குடுத்திருக்காங்களே சாமி. எங்கக்காளுக்கு ஒருத்தருமே அப்படி எழுதிக் குடுக்கலீங்க."

லிடியா தன் ஒரு குடுவையைக் காப்பாற்றச் சொன்ன பொய், அவளைவிட வேகமாக நடந்து வாழப்பாடி வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

அன்றிலிருந்து அவள் கல்லூரி வாசலுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள். இறங்குகிற ஒவ்வொருவரிடமும் அது வெறும் சர்க்கரைத் தண்ணீர் என்று சொல்லி, சேலம் பஸ்ஸில் ஏற்றிவிடப் பார்க்கிறாள். பத்தில் மூன்று பேர் ஏறுகிறார்கள். முத்தாயம்மாளின் அக்கா ஏறவில்லை. நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிப்பதாக லிடியாவுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது.

களங்கம் கற்பிக்க இடமே இல்லை. மையத்தின் ஆண்டறிக்கை தெளிவாகச் சொல்கிறது: தொடங்கிய நாள் முதல் இன்றுவரை இந்த வளாகத்தில் புற்றுநோயால் ஒருவர்கூட இறந்ததில்லை. எல்லோரும் ஒழுங்காகப் பத்து நாள் சுற்றி முடித்து, வீட்டுக்குப் போய்த்தான் இறக்கிறார்கள்.