இதுதான் முடிவா, வாத்தியாரே?

நான்கு டயரையும் மாட்டி முடித்து, ஜாக்கியை இறக்கி, வாத்தியார் முதுகை நிமிர்த்திய நேரம் பார்த்துத்தான் மனைவி அதைக் கேட்டாள்.

"ஏங்க, டயர்ல ஒரு அம்பு போட்டிருக்கே. அது ஏன் பின்னால பாக்குது?"

வாத்தியார் குனிந்து பார்த்தார். மழை டயரின் பக்கவாட்டில், அது உருள வேண்டிய திசையைக் காட்டும் அம்பு. இடப்பக்க டயர்களை வலப்பக்கமும் வலப்பக்க டயர்களை இடப்பக்கமும் மாட்டியிருந்தார். அந்த டயரின் ஆழமான பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ளுவதற்காக வெட்டப்பட்டவை. இப்படி மாட்டினால் தள்ள வேண்டிய தண்ணீரை டயரே அடியில் இழுத்து வைத்துக்கொள்ளும்.

"அது அப்படித்தான் இருக்கும்" என்றார்.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் உத்தியோகம். அங்கே அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டாலும் கழிப்பறை எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூடிக் கிடக்கும் இந்தக் கிடங்கின் முற்றத்தில் அவர் வேறு ஆள். ஆரஞ்சு நிறக் கோன்களை வளைத்து வளைத்து அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு வண்டியாக அதற்குள் புகுந்து வெளியே வர வேண்டும். சீக்கிரம் வந்தவருக்கு ஜெயம். ஒரு கோனை இடித்தால் இரண்டு வினாடி கூடும். ஆட்டோகிராஸ் என்று பெரிய பெயர்தானே தவிர, வருகிறவர்கள் எல்லாம் வீட்டு வண்டியில் வரும் பேக்கரிக்காரரும் பல் டாக்டரும் தபால்காரரும்தான். நூலகத்துக்கு வரும் கார் பத்திரிகைகளை ஒரு வரி விடாமல் படித்த நம்மவர், டயரைப் பற்றி வாயைத் திறந்தால் மூட மாட்டார். பட்டம் அப்படி வந்தது.

ஓட்டுவதில் அவர் எத்தனையாவது இடம் என்று கேட்டால் மட்டும், "வாத்தியார் எதுக்குப்பா பரீட்சை எழுதணும்?" என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

போன மாதம் காய்ச்சலில் படுத்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து மழை. அடுத்த நாளே பேக்கரிக்காரர் போன் செய்து, நீங்கள் இல்லாமல் எங்களுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று புலம்பினார். அந்தப் போனை வாத்தியார் மனைவிக்கு மூன்று தடவை சொல்லிக் காட்டினார். என்னைக் கேட்காமல் அங்கே ஒரு நட்டுகூடத் திரும்பாது என்றும் சேர்த்துக்கொண்டார். அப்படியா, நானும் வந்து பார்க்கிறேன் என்று அவள் கிளம்பி வந்திருந்தாள். இருபது வருடத்தில் அவர் செய்கிற ஒன்றைப் பார்க்க அவளாகக் கேட்டது இதுதான் முதல் தடவை.

அம்பைப் பார்த்து அவர் விழித்துக்கொண்டிருக்கும்போதே பேக்கரிக்காரர் குடையோடு வந்துவிட்டார். மற்ற வண்டிகள் எல்லாம் கிடங்கின் கூரைக்கு அடியில் நின்றன. வாத்தியாருக்கு மட்டும், எல்லார் கண்ணிலும் படும்படி முற்றத்தின் நடுவில் தனி இடம் ஒதுக்கி வைப்பது வழக்கம்.

"மழை டயரா? சரி. அம்பு திரும்பி இருக்கே. வேணும்னேதான் போட்டிருக்கீங்களா?"

மனைவி வாத்தியாரைப் பார்த்தாள். தப்பாக மாட்டிவிட்டேன் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் அவரிடம் தெம்பு இல்லை.

"வேணும்னேதான். தூறல்ல இப்படிப் போட்டாத்தான் பிடிமானம்."

பேக்கரிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே வேகமாகப் போனார். கொஞ்ச நேரத்தில் கூரைக்கு அடியில் பதினேழு வண்டிகளிலும் ஜாக்கி ஏறும் சத்தம் கேட்டது.

"உங்களைப் பாத்துத்தான் எல்லாரும் மாத்துறாங்களா?" என்றாள் மனைவி. உண்மையாகவே அசந்துபோயிருந்தாள். வாத்தியாருக்கு முதலில் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த நொடியே உறைத்தது. அத்தனை பேரும் அம்பைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்களே!

இப்போது தன்னுடையதை மட்டும் சரியாக மாட்டினால் குட்டு உடைந்துவிடும். மாட்டாவிட்டால் பதினேழு பேர் வழுக்கி விழுவார்கள். இரண்டுக்கும் நடுவில் அவர் தவித்துக்கொண்டிருக்க, மேகம் விலகி ஒரு கீற்று வெயில் விழுந்தது. உயிர் வந்தது வாத்தியாருக்கு.

"தரை காயப்போகுது. மொட்டையைப் போட்டுடலாம்" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி.

மொட்டை என்பது வறண்ட தரைக்கான டயர். பள்ளம் அதிகம் இல்லாத மெத்தென்ற ரப்பர். காய்ந்த தரையில் பசை போல ஒட்டும், ஈரத்தில் சோப்புக்கட்டி. மனைவி ஸ்பேனரை எடுத்து எடுத்துக் கொடுக்க, முக்கால் மணி நேரம் தரையில் புரண்டு நான்கையும் மாற்றினார். கடைசி நட்டை முறுக்கும்போது பல் டாக்டர் வந்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதைப் போல ஒவ்வொரு டயராகக் குனிந்து பார்த்தார்.

"இதுதான் முடிவா, வாத்தியாரே? மறுபடி மாத்த மாட்டீங்களே?"

"இதுதான் முடிவு."

மறுபடியும் பதினேழு ஜாக்கிகள். டாக்டரின் மனைவி மழைக்கோட்டோடு மண்டியிட்டு நட்டுக் கழற்றுவதைப் பார்த்ததும் வாத்தியாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார். பாவம், தன் ஒரு பொய்யை மறைக்க எத்தனை பேருடைய முழங்காலைத் தேய்க்கிறோம் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி. வாய் திறக்கவில்லை.

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்ததும் மழை பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை தூறல் இல்லை. முற்றத்தில் குட்டை கட்டியது.

"மழை பெய்யுதுங்க" என்றாள் மனைவி.

"தெரியுது."

"அப்ப இந்தச் சோப்புக்கட்டி வேண்டாமில்ல?"

வேண்டாம்தான். ஆனால் இதுதான் முடிவு என்று சொல்லிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நான்கையும் மாற்றினால் மானம் போகும், மாற்றாவிட்டால் வண்டி போகும். யோசித்து யோசித்து நடுவழி ஒன்றைக் கண்டுபிடித்தார். முன்னால் இரண்டும் மழை டயர், பின்னால் இரண்டும் மொட்டை. அம்பைச் சரியாகப் பார்த்து மாட்டியதில் கொஞ்சம் மனநிறைவும்கூட. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இந்தத் தடவை பேக்கரிக்காரர், டாக்டர், தபால்காரர் மூவரும் சேர்ந்தே வந்தார்கள். முன்னால் பார்த்தார்கள். பின்னால் போய்ப் பார்த்தார்கள். தபால்காரருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இன்று ஜெயித்தால் ஆறு வருடத்தில் அவருக்கு முதல் கோப்பை.

"பாதி மழை, பாதி மொட்டைன்னா, நாங்க இதை எப்படி எடுத்துக்கிறது?" என்றார்.

என்னைப் பார்க்காதே, உன் புத்திக்குப் பட்டதைப் போடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தார். பக்கத்தில் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அனுபவத்துல வர்ற விஷயம் இது" என்றார்.

மூவரும் தலையில் கை வைத்துக்கொண்டு போனார்கள். கூரைக்கு அடியில் ஏதோ பெரிய வாக்குவாதம் நடந்தது. பிறகு மூன்றாவது தடவையாக ஜாக்கிகள் ஏறின.

முதல் வண்டி எப்போதும் வாத்தியாருடையதுதான். அது அங்கே எழுதாத சட்டம். நேரம் குறிக்கும் அம்மா தன் கூடாரத்திலிருந்து ஒலிபெருக்கியில் கூப்பிட, வாத்தியார் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கிளம்பினார்.

முதல் வளைவு நன்றாகவே போனது. இரண்டாவது வளைவில் வண்டியின் முன்பாதி அவர் சொன்ன பக்கம் திரும்பியது. பின்பாதிக்கு வேறு யோசனை. அது முன்பாதியை முந்திக்கொண்டு போய்ப் பார்க்க ஆசைப்பட்டது. வண்டி ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, வரிசையாக நின்ற கோன்களைப் பெருக்கித் தள்ளி, கிளம்பிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. மறுபடி திருப்பி ஓட்டினார். மறுபடி சுற்றினார். முடிவுக் கோட்டை அவர் பின்பக்கமாகத்தான் தாண்டினார். பதினான்கு கோன்கள் விழுந்திருந்தன. பதினைந்தாவது வண்டிக்கு அடியில் மாட்டி, கரகரவென்று இழுபட்டுக் கூடவே வந்தது.

வண்டியைச் சுவர் ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்துவிட்டது. துடைக்கவில்லை. வெளியே ஒவ்வொரு வண்டியாகக் கிளம்பும் சத்தம் கேட்கும்போதெல்லாம், இதோ இவரும் சுற்றப்போகிறார், என்னால்தான், என்று காதைப் பொத்திக்கொண்டார்.

மனைவி பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"அந்த அம்பு" என்றாள், "தப்பாத்தானே மாட்டினீங்க?"

"ஆமா."

"மத்ததெல்லாம்?"

"அதை மறைக்கத்தான்." குரல் உடைந்துவிட்டது. "நீ முதல் தடவையா வந்திருக்கே."

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலாம். கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள். "என்கிட்ட சொல்லிட்டீங்க. அவங்ககிட்டயும் போய்ச் சொல்லிடுங்க" என்றாள்.

மழையில் நனைந்துகொண்டே கூடாரத்துக்குப் போனார். போட்டி முடிந்து எல்லாரும் அங்கேதான் கூடியிருந்தார்கள். யார் முகத்தையும் பார்க்காமல், நேரப் பலகையையும் பார்க்காமல், நேரம் குறிக்கும் அம்மாவிடமிருந்து ஒலிபெருக்கியை வாங்கினார்.

எனக்கு டயரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றார். பேசியதெல்லாம் பத்திரிகையில் படித்தது. அம்பு கைதவறி வந்தது, வெயில் ஒரு சாக்கு, பாதிக்குப் பாதி போட்டது பயம். என்னை நம்பி நீங்கள் மூன்று தடவை டயர் மாற்றிக் கெட்டீர்கள். தபால்காரருடைய கோப்பையையும் நான்தான் கெடுத்தேன். எல்லாரும் என்னை மன்னிக்க வேண்டும். இனிமேல் இந்தப் பக்கமே வர மாட்டேன்.

பேக்கரிக்காரர் தன் செருப்பைப் பார்த்தார். டாக்டர் கூரையைப் பார்த்தார். தபால்காரர், கையிலிருந்த கோப்பையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

நேரம் குறிக்கும் அம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவர் கையிலிருந்து ஒலிபெருக்கியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அப்படி மட்டும் வராம இருந்துடாதீங்க, வாத்தியாரே. போன மாசம் நீங்க இல்லாம, எந்த டயரைப் போடக் கூடாதுன்னு தெரியாம பதினேழு பேரும் தவிச்சுப் போயிட்டாங்க."