இரண்டு கப்பும் ஒரு கைப்பிடியும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்வது என் வேலை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்குக் குரலே வராது. அப்படிப்பட்டவள் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்படிதான். குக்கரக்காவைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

கரண்டே இல்லாத லயத்து வரிசை வீட்டில் கரண்ட் குக்கர் வைத்துக் குடித்தனம் நடத்தியவர் இந்த உலகத்திலேயே அவர் ஒருவர்தான். தலவாக்கலைக்கும் டயகமைக்கும் நடுவில் பிளக் உள்ள எந்தக் கட்டடத்தை வேண்டுமானாலும் சொல்லுங்கள், அங்கே அவர் ஒரு தடவையாவது சோறு ஆக்கியிருப்பார்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து ஓரிரு வருஷத்தில் அவர் குவைத்திலிருந்து திரும்பி வந்தார். ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் வேலை. அப்படிப் போய் வந்த மற்றப் பெண்கள் கம்பளி, ரேடியோ, கண்ணாடிக் கோப்பை என்று கொண்டு வருவார்கள். இவர் கொண்டு வந்தது கோயில் தவில் அளவுக்கு ஒரு மின்சாரப் பிரஷர் குக்கர். வேலை செய்த வீட்டுப் பெரியம்மா கொடுத்தது. பெட்டியை வான்காரரிடம் தூக்கக் கொடுத்துவிட்டு, குக்கரை மட்டும் தானே தலையில் வைத்துக்கொண்டு முக்கால் மைல் ஏறி வந்தார்.

எங்கள் லயத்தில் அப்போது குப்பி லாம்புதான். டீவி இருந்தது ஒரே வீட்டில், வீரையா வீட்டில். அதுவும் கார் பெட்டரியில் ஓடியது. அதனால் மின்சார சம்பந்தமான எல்லா விஷயத்துக்கும் டீவி வீரையாதான் எங்கள் நிபுணர். அவர் குக்கரை மூன்று சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏன்க்கா, லயத்துல கரண்டு இல்லேங்கிறது ஒங்களுக்கு மறந்தே போச்சா?"

"மறக்கல தம்பி. ஒம்பது வருஷத்துல வந்திருக்கும்னு நெனச்சேன்."

கூடி நின்ற அத்தனை பேரும் அதற்குத்தான் விழுந்து விழுந்து சிரித்தோம். வீரையா பெருந்தன்மையாகத் தன் பெட்டரியைக் கொண்டு வந்து கொடுத்துப் பார்த்தார். குக்கர் கண்ணைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம் அவருடைய டீவியும் கண்ணைத் திறக்கவில்லை.

விறகடுப்பில் ஆக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். அவர் சாப்பிடுவது தவிடு போகாத சிவப்பரிசி மட்டும். குவைத்துப் பெரியம்மாவுக்கு நீரிழிவுச் சீனி வருத்தம் என்பதால் அந்த வீட்டில் ஒன்பது வருஷமும் அந்த அரிசிதானாம், அந்தக் குக்கர்தானாம். எங்கள் குளிருக்கு அது அடுப்பில் வேகாது. மேலே கஞ்சி, நடுவே கல், அடியில் கரி என்று மூன்று அடுக்காக இருக்கும். அதோடு அவருக்கு அடுப்பு மூட்டுவதே மறந்து போயிருந்தது. ஊதுகுழலை எந்தப் பக்கம் வாயில் வைப்பது என்று யோசித்துக்கொண்டு நிற்பார். பக்கத்துக் காம்பராவில் வெள்ளையரிசி வாங்கி ஆக்கச் சொன்னால் கேட்க மாட்டார். மாட்டுக்கு வைக்கிற தவிட்டை மனுஷி தின்கிறாளே என்று லயமே பேசியது.

ஆகவே அவர் பிளக் தேடிப் புறப்பட்டார். காலையிலேயே அரிசியைக் கழுவி ஊற வைத்து, குக்கரைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடப்பார். முதலில் தோட்டத்து ஆஸ்பத்திரி. அங்கே மருந்து வாங்க வந்த எல்லாரும் அந்தச் சோற்று வாசத்தில், என்ன செய்கிறது என்று கேட்டால் பசிக்கிறது என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். டொக்டர் ஐயா யாருக்கு என்ன வருத்தம் என்று கண்டுபிடிக்க முடியாமல், இவரை வெளியே அனுப்பினார்.

அடுத்தது கோயில். ஒரு வெள்ளிக்கிழமை ஒலிபெருக்கியில் பாட்டு பாதியில் நின்றுவிட்டது. கோயில் தலைவர் ஓடி வந்து பார்த்தால், ஒலிபெருக்கி வயர் கழற்றிக் கிடக்கிறது; அந்த இடத்தில் குக்கர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அரை மணி நேரம் பாட்டு இல்லாவிட்டால் சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது, அரை மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டால் சோறு அரைவேக்காடு என்று இவர் அவருக்கு விளக்கம் சொன்னார். அத்தோடு கோயில் கதவும் அடைத்துக்கொண்டது.

பிறகு தலவாக்கலையில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. அந்தக் குக்கரின் மூடியில் ஒரு சின்ன மொட்டு உண்டு. உள்ளே ஆவி இருக்கும் வரை அது மேலே எழும்பி நிற்கும். அது தானாகக் கீழே இறங்கினால்தான் மூடி திறக்கும். கரண்ட் நின்ற பிறகும் கால் மணி, அரை மணி பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஆவியை வெளியே விட்டால் தவிட்டு நுரை பீறிக்கொண்டு வரும். போட்டோக்காரருக்கு அந்தப் பொறுமை இல்லை, விசையைத் தட்டிவிட்டார். மாப்பிள்ளை பெண்ணை நிறுத்தி வைக்கிற அன்னப்பட்சித் திரை முழுக்கச் சிவப்பு நுரை. அந்த வருஷம் கல்யாணம் கட்டிய எங்கள் தோட்டத்து ஜோடிகள் எல்லாருக்கும் தலைக்கு மேலே ஒரு செம்மண் மேகம் இருப்பதை இன்றைக்கும் ஆல்பத்தில் பார்க்கலாம்.

கடைசியாகத்தான் என்னிடம் வந்தார். பிள்ளைக்காம்பராவில் பால் சூடாக்கக் கொடுத்த ஹீட்டர் பழுதாகி, பிளக் சும்மா கிடந்தது. வாசலில் நின்றபடியே சுவரைக் காட்டினார்.

"தங்கச்சி, அந்த பிளக்க யாரும் பாவிக்கிறதில்ல போலருக்கே?"

முடியாது என்று சொல்லும் தைரியம் எனக்கு எப்போதுமே கிடையாது. மறுநாளிலிருந்து குக்கர் என்னோடு குடியிருக்க வந்துவிட்டது.

அவர் அரிசி அளக்கிற விதமே ஒரு தினுசு. இரண்டு கப் போடுவார். பிறகு யோசிக்காமல் இன்னும் ஒரு கைப்பிடி போடுவார். கப்பில் அளந்தவருக்குக் கைப்பிடி எதற்கு என்று கேட்டால், பெரியம்மா வீட்டுக் கணக்கு அது என்பார். தண்ணீரை விரல் வைத்துப் பார்த்து, நுரைக்காமல் இருக்க ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மூடியைத் திருகிவிட்டு, குக்கரோடு அரபியில் பேசுவார். கரண்ட் போட்டதும் "யல்லா, யல்லா" என்று விரட்டுவார். மொட்டு இறங்கியதும், முடிந்தது என்பதற்கு, கையைத் தட்டி "கலாஸ்" என்பார். குக்கருக்குத் தமிழ் தெரியாதாம்.

அது "உஸ்" என்று ஆவி விட்டால் என் குழந்தைகள் இருபது பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் அந்தச் சத்தம் இல்லாமல் தூங்கவே மறுத்தார்கள். மாலையில் கூட்டிப் போக வந்த தாய்மார், பால் குடித்து முடித்த பிள்ளை போத்தலைத் தூக்கிப் போட்டுவிட்டு "கலாஸ்" என்று சொல்வதைக் கேட்டுத் திகைத்தார்கள். ஒரு நாள் தோட்டத்து மேனேஜர் தொரை திடீரென்று பார்வையிட வந்து வாசலை மறித்து நின்றபோது, இரண்டு வயதுப் பையன் ஒருவன் அவருடைய முழங்காலைத் தள்ளி "யல்லா" என்றான். எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். தொரை மூக்கை இரண்டு தரம் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

இப்போது லயத்துக்கெல்லாம் கரண்ட் இருக்கிறது. அவர் தோட்டத்தை விட்டுப் போன அடுத்த வருஷமே வந்தது. காம்பராவுக்குக் காம்பரா ரைஸ் குக்கரும் வந்துவிட்டது. ஆனால் பதினொன்றரை ஆனால் என் காது இன்னும் அந்த "உஸ்"ஸைத் தேடுகிறது. குழந்தைகளோடு இருப்பவளுக்குப் பேச்சுத் துணைக்கு என்ன குறை என்று நினைப்பார்கள். காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்து வரை என்னோடு பேசுகிறவர்களில் மூத்தவருக்கு வயது நாலு. ஒரு பெரிய மனுஷியாக மதித்து என்னிடம் வந்து உட்கார்ந்து பேசியவர் அவர்தான். அவர் வந்தது பிளக்குக்காக என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அப்படிப் பேசிய நாட்களில்தான் அவருக்கு ஒரு மகள் இருப்பதைச் சொன்னார். தர்ஷினி. ஒரு வயதில் விட்டுவிட்டுப் போனார். புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போனவர், போனவர்தான். பிள்ளையை டயகமையில் நாத்தனார் வளர்த்தார். நல்ல மனுஷி, ஒரு குறை வைக்கவில்லை. பிள்ளைதான் திரும்பி வந்த அம்மாவுக்குப் பழகவில்லை. இவர் பார்க்கப் போனால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். "அவங்க எப்ப போவாங்க" என்று அத்தையிடம் கேட்கும். இவர் கொண்டு போன சொக்லட்டை அத்தை கொடுத்தால் தின்னும், இவர் கொடுத்தால் தின்னாது.

"என் கூட இருக்கணும்னு கேக்கல தங்கச்சி. என் கையால ஒரு வாய் சோறு தின்னா போதும். அத நானே ஆக்கணும். அடுப்புல ஆக்குனா கரியாக்கிருவேன், அதான் பயம்."

இரண்டு கப்பையும் கைப்பிடியையும் சுமந்துகொண்டு அவர் ஏன் அத்தனை பிளக்குக்கும் அலைந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பிள்ளை எப்போது வரச் சம்மதித்தாலும் சோறு பிசகாமல் வர வேண்டும் என்று பழகிக்கொண்டிருந்தார்.

அவர் ஊர் திரும்பி ஒன்றரை வருஷம் கழித்துப் பிள்ளை சம்மதித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. டயகம பஸ்ஸில் வந்து தோட்டத்துச் சந்தியில் இறங்கி, அதே பஸ் தலவாக்கலை போய்த் திரும்பும்போது ஏறிவிட வேண்டும் என்பது அத்தையின் ஏற்பாடு. கொண்டக்டர் தெரிந்தவர். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பராவைத் திறக்கக் கூடாது. நான் திறந்தேன். என் வேலைக் காலத்தில் நான் மீறிய ஒரே சட்டம் அது.

பஸ் பிந்தி வந்தது. பதினொரு வயதுப் பிள்ளை. சாயலில் அவரேதான், சிரிப்பு மட்டும் இல்லை. நேரமாகிறது, முதலிலேயே ஆக்கி வைத்திருக்கலாமே என்று நான் சொல்லிப் பார்த்திருந்தேன். பிள்ளை பார்க்கத்தான் அரிசி போடுவேன் என்று பிடிவாதமாக இருந்தார். ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, ஊற வைத்த அரிசியில் இரண்டு கப் போட்டார். பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு கைப்பிடியும் போட்டார். யல்லா என்றார்.

மொட்டு எழும்பிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. கரண்ட் போய்விட்டது.

வீரையா எங்கிருந்தோ தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு ஓடி வந்தார். நெம்பித் திறந்தால் வெந்த மட்டும் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்றார். அக்கா குக்கரை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"தொடாதீங்க தம்பி. அது எறங்கட்டும். சூட்டுல வேகும்."

காத்திருந்தோம். நாலு பேரும் அந்த மொட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிள்ளைக்குத்தான் முதலில் பொறுமை போனது.

"கப்புல அளந்து போட்டுட்டு எதுக்கு இன்னொரு கைப்பிடி?"

அன்றைக்கு அக்கா பெரியம்மா வீட்டுக் கணக்கு என்று சொல்லவில்லை.

"ரெண்டு கப்பு அந்த வீட்டுக்கு. கைப்பிடி ஒனக்கு. அங்க இருந்த நாளெல்லாம் ஒனக்கும் சேத்துத்தான் போட்டேன்."

பிள்ளை விரலை மடக்கிக் கணக்குப் போட்டது.

"அப்ப என் சோத்த யாரு தின்னா?"

"நாந்தான்."

"நல்லா இருக்கே. என் பேரச் சொல்லி ஒம்பது வருஷம் நீங்க தின்னுருக்கீங்க."

வீரையாவுக்குச் சிரிப்பு வந்து கத்தியைக் கீழே போட்டுவிட்டார். அக்கா சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடி சிரித்தார். பிள்ளை சிரிக்கவில்லை. ஆனால் நகர்ந்து வந்து குக்கரில் கையை வைத்துப் பார்த்தது. "சூடா இருக்கு" என்றது. வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. கையை அப்படியே வைத்துக்கொண்டது.

அப்போது சந்தியில் பஸ் ஹோர்ன் கேட்டது. மொட்டு எழும்பியபடியே நின்றது.

அக்கா வயரைக் கழற்றினார், பிள்ளைக்காம்பராக் கம்பளி ஒன்றில் குக்கரைச் சுற்றித் தலையில் ஏற்றினார், சந்திக்கு ஓடினார். பிள்ளையும் நானும் பின்னால் ஓடினோம். கொண்டக்டர் படியிலேயே மறித்துக்கொண்டார். குண்டுப் பயம் போகாத அந்தக் காலத்தில் மூடிக் கட்டிய பொதி, அதுவும் உள்ளேயிருந்து "உஸ்" என்கிற பொதி, பஸ்ஸில் ஏற்றக்கூடிய சாமான் அல்ல. முன் ஆசனத்தில் இருந்த இரண்டு பேர் இறங்கியே விட்டார்கள்.

"அக்கா, செக்பொயின்ட்ல என்னையத்தான் பிடிப்பாங்க. என்னா இது?"

"சோறுங்க. எம்மகளுக்கு."

கம்பளியை உருவி எறிந்தார். வாசம் வந்தது. கொண்டக்டர் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, முன் ஆசனம்தான் காலியாகிவிட்டதே, உட்காரச் சொல்லுங்கள் என்றார். பிள்ளை உட்கார்ந்தது. அக்கா குக்கரை அதன் மடியில் வைத்தார். மொட்டு தானாக இறங்குகிற வரைக்கும் மூடியைத் தொடக் கூடாது என்று மூன்று தரம் சொன்னார். பிள்ளை குக்கரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டியது. பஸ் போய்விட்டது.

ரோட்டோரத்தில் அவர் வயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த வயரைச் சுருட்டுகிறார், பிரிக்கிறார், மறுபடி சுருட்டுகிறார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. கம்பளியை எடுத்து அவர் தோளில் போட்டுவிட்டு, மழை வருகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கொண்டக்டர், பிள்ளை தந்துவிட்டது என்று குக்கரைக் கொண்டு வந்து கொடுத்தார். கழுவித் துடைத்திருந்தது. உள்ளே ஒரு கைப்பிடி வெள்ளையரிசி இருந்தது.